தலைவரின் அம்மா

மஞ்சூர் பக்கம் மூடுபனி இறங்கிவிட்டால் ஆள் தெரியாது, குரல் மட்டும்தான் வரும். அன்றைக்கும் அப்படித்தான். மேடை கண்ணில் படுவதற்கு முன்பே "ஹலோ... மைக் டெஸ்டிங்" என்ற சத்தம் தேயிலைச் சரிவில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தது.

நான் குன்னூரில் ஒரு தேயிலை புரோக்கர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த புதிது. லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மஞ்சூர் எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக்கு வருவேன். அம்மா அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். அப்பா இறந்தபிறகு வீட்டில் அவர் மட்டும்தான்.

அந்த ஞாயிறு, ஆளுங்கட்சித் தலைவர் வருகிறார் என்று லைன் ஆட்களையெல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மாவோடு நானும் போனேன்.

தலைவர் நன்றாகப் பேசினார். அதை மறுக்க முடியாது.

"இந்த மலையில உழைக்கிறது நீங்க. பங்களாவுல உக்காந்து டீ குடிக்கிறது அவங்க. நான் அவங்க ஆளு இல்ல, உங்க ஆளு. உங்களுக்கும் எனக்கும் நடுவுல ஆபீசரு வேண்டாம், மனு வேண்டாம்..."

கைதட்டல் அடங்குவதற்குள் மேடையை விட்டு இறங்கி வந்தார். முன்வரிசையில் இருந்த அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கினார். தேயிலைக் கறை ஏறிக் கறுத்த கை.

"இந்தக் கையைப் பாருங்க. இது எங்கம்மா கை. இன்னையிலிருந்து இவங்க தனியா இல்ல. மகன் நான் இருக்கேன்."

அம்மா அழுதுவிட்டார். நீ தனியாக இல்லை என்று அதுவரை அவரிடம் யாரும் சொன்னதில்லை... நான் உட்பட.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. லைனில் அம்மாவுக்குத் தலைவரம்மா என்றே பெயராகிவிட்டது. முதலில் அது விளையாட்டுதான்.

பக்கத்து வீட்டு ராஜம்மா, சின்ன வயதில் சிலோனிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். அம்மாவும் அவரும் ஒரே தேயிலைக் காட்டில் பறிப்பார்கள், சாயங்காலம் ஒன்றாக டீ குடிப்பார்கள். ஒருநாள் அவர் கேட்டார்.

"அக்கா, எஸ்டேட் கணக்குல என் வயசு கூட, அடுத்த வருசம் எனக்கு ரிட்டயர். லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருவாங்க. உங்க மகன்கிட்ட எனக்கொரு வீட்டுக்குச் சொல்லுங்களேன்."

பாதி சிரிப்பாகத்தான் கேட்டார். அம்மா அதை முழுசாக எடுத்துக்கொண்டார்.

"சொல்றேன் ராஜம்மா. மனுவே வேண்டாம்னு அவரே சொன்னாருல்ல."

மஞ்சூர் கட்சி ஆபீசுக்கு நடையாய் நடந்தார். அங்கிருந்தவர் உட்காரவைத்து டீ கொடுப்பார். "தலைவருக்குத் தெரியும்ங்கம்மா, அவரு பாத்துக்குவாருங்க" என்பார். அம்மாவும் வந்து அதையே ராஜம்மாவிடம் சொல்வார்.

மாதங்கள் போயின. ஒன்றும் நடக்கவில்லை. அந்தம்மாவுக்கு மட்டும் ஏதோ கிடைத்திருக்கிறது, வெளியே சொல்ல மாட்டேன் என்கிறார் என்று லைனில் பேச்சு கிளம்பியது. விறகுக்குப் போகும்போது அம்மாவைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். குழாயடிக்கு அவர் வந்தால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் ராஜம்மாவும் டீ குடிக்க வரவில்லை. பிறகு வரவே இல்லை.

"பழக்கத்துல ரெண்டு டம்ளர் ஊத்தீட்டேன் கண்ணு. அப்பறம் ரெண்டையும் நானே குடிச்சேன்" என்று போனில் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சமயத்தில் தலைவர் ஊட்டிக்கு வருவதாகத் தெரிந்தது. நேரிலேயே ராஜம்மா வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று அம்மா லீவு போட்டுக் கிளம்பினார். நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். தடுப்புக் கட்டைக்குப் பின்னால் வெகுதூரத்தில்தான் இடம் கிடைத்தது. அம்மா கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அதே பேச்சு. பங்களா, டீ, ஆபீசர், மனு. பிறகு அவர் இறங்கி வந்து, கேரட் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"இந்தக் கையைப் பாருங்க. இது எங்கம்மா கை..."

அம்மாவின் கை மெல்லக் கீழே இறங்கியது.

திட்டுவார் என்று நினைத்தேன். பஸ்ஸில் பாதி வழி வந்திருப்போம். அப்போது கேட்டார்.

"அந்தப் பொம்பளைக்குச் சொந்தபந்தம் இருக்குமா கண்ணு?"

"தெரியலம்மா."

"இல்லீன்னா பாவம். இனி அவகூட யாரும் பேச மாட்டாங்க."

லைனுக்கு வந்ததும் வீட்டுக்குள் போகாமல் நேராக ராஜம்மாவின் கதவைத் தட்டினார்.

"ராஜம்மா, அவருக்கு என் பேரு கூடத் தெரியாது. நான் எதுவும் வாங்கல. உனக்கும் வாங்கித் தர முடியல."

ராஜம்மா கதவை முழுசாகத் திறந்தார்.

"தெரியும்க்கா... நம்பணும்போல இருந்துச்சு, அவ்வளவுதான். உள்ள வாங்க, தேத்தண்ணி ஊத்துறேன்."

அடுத்த வருடம் ராஜம்மா லைன் வீட்டைக் காலி செய்துவிட்டுத் திருப்பூரில் இருக்கும் மகளிடம் போனார். கிளம்பும்வரை சாயங்கால டீ மட்டும் நிற்கவில்லை. பிறகு அம்மாவும் ரிட்டயர் ஆகி, குன்னூரில் என்னோடு சில வருடங்கள் இருந்துவிட்டுப் போய்ச்சேர்ந்தார்.

நான் இன்னமும் குன்னூரில்தான் இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாடி வீடு, நல்ல வீடு. பக்கத்து வீடு டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விடும் காட்டேஜ் ஆகிவிட்டது. வாரத்துக்கு ஒரு குடும்பம் வருகிறது, போகிறது. அம்மா தட்டுவதற்கு ஒரு கதவாவது இருந்தது...

இப்போது தலைவர்கள் மேடையை விட்டு இறங்கிவர வேண்டியதில்லை. போனிலேயே வந்துவிடுகிறார்கள். பதிவு செய்த குரல். போன வாரம் சாயங்காலம் ஆபீஸ் முடிந்து வந்து, விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது.

"வணக்கம்மா, சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் தான் போட்ட ரோடுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். முடியும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.