ஐந்து உறவுக்கு ஒரு தோந்தோன்

பிரெஞ்சுக்காரர் வீட்டுக் குழந்தைகள் சொல்லும் ஒரு சொல் எனக்கு அறுபதுகளிலிருந்தே ஆகாது: தோந்தோன். அப்பாவின் அண்ணன் தோந்தோன், தம்பி தோந்தோன், அம்மாவோடு பிறந்தவன் தோந்தோன், அத்தை புருஷனும் தோந்தோன், சித்தி புருஷனும் தோந்தோன். ஐந்து உறவுக்கு ஒரு சொல். போதாததற்கு அப்பாவின் சிநேகிதனையும் சேர்த்துக்கொள்வார்களாம். ஆறு. நாம் பெரியப்பா, சித்தப்பா, மாமன் என்று பிரித்து வைத்திருப்பது வாய் வலிக்கவா?

என் தங்கையைப் புதுச்சேரியில் கொடுத்தோம். மாப்பிள்ளைக்குப் பிரான்சில் பட்டாள வேலை. அங்கே பிறந்த மகளுக்குக் காது குத்த, மூன்று வயதில் காஞ்சிபுரம் அழைத்து வந்தார்கள். தாய்மாமன் நான் ஒருவன்தான். என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். கம்மலும், எங்கள் தறியில் நெய்த பட்டுப் பாவாடையும், ஒன்பது தட்டுச் சீரும் எடுத்துக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போனேன். பாவாடையைக் கட்டிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் மணையில் மாப்பிள்ளையின் தம்பி உட்கார்ந்திருக்கிறார். குழந்தை அவர் மடியில், அவருடைய சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு.

"மாப்ளே, இன்னா இது?" என்றேன்.

"அவன்கிட்டதான் அழாம இருப்பா மச்சான். யார் மடியா இருந்தா இன்னா? எல்லாம் தோந்தோன்தானே."

"உங்க ஊர்ல தோந்தோன். இங்க நான் மாமன், அவரு சித்தப்பா."

"கம்மலக் குடு மச்சான், நேரம் ஆவுது."

கம்மல் பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டேன். "சித்தப்பன் மடியில குத்தறதுன்னா சித்தப்பனே கம்மல் போடட்டும்."

ஊசியோடு காத்திருந்த பத்தர், "இன்னாபா, ஆளுக்கு ஒரு காதுன்னு பிரிச்சிக்கப் போறீங்களா?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. தங்கைதான் எழுந்து வந்தாள். கொழுந்தன் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கி, என் முகத்தைப் பார்க்காமலே நீட்டினாள். "வச்சிக்க. நீயே வச்சிக்க."

மணையில் உட்கார்ந்தேன். முதல் காதில் ஊசி இறங்கியதும் குழந்தை "தோந்தோன்!" என்று அலறித் தூணோரம் நின்ற அந்த ஆளை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டியது. அவர் முன்னால் வந்தார்.

"அங்கயே நில்லுங்க" என்றேன். குழந்தையை இறுக்கிப் பிடித்து மறு காதையும் குத்த வைத்தேன். முறை என்றால் முறைதான்.

அந்தச் சொல்லுக்கு உரியவர்கள் மண்டபத்தில் நான்கு பேர் இருந்தோம். அவள் யாரைக் கூப்பிட்டாள் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மணையிலிருந்து இறக்கிவிட்டதும் அவரிடம்தான் ஓடினாள், நான் கொண்டுபோன பாவாடை காலைத் தடுக்கத் தடுக்க.