இரண்டு காலில் அடையாறு

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு நடை பழக்கிய பிசியோதெரபிஸ்ட் அம்மாவுக்கு என் முகம் தெரியுமா என்பதே சந்தேகம். குள்ளமான உருவம், தடித்த கண்ணாடி. பேசும்போதுகூட என் பாதத்தைத்தான் பார்ப்பார்.

அன்று அடையாறு கிளினிக் வாசலில், வாக்கர் இல்லாமல் ரோட்டைக் கடக்கச் சொன்னார். நான் வாக்கரைக் கட்டிக்கொண்டேன். மனைவியைக்கூட அப்படிக் கட்டிக்கொண்டதில்லை.

"இன்னா சார், ஆப்பிரிக்காலேருந்து நடந்தே உலகம் பூரா போன மனுச பரம்பரை நம்மது. எதிர்ல கீற டீக்கடைக்குப் பயப்படுறீங்க!"

"அவங்க காலத்துல பஸ் கிடையாதே, மேடம்!"

"சிங்கம் இருந்துச்சு சார். ரெண்டு கால்ல எழுந்து நின்னதாலதான் கை ஃப்ரீயாச்சு. அந்தக் கையைக் காட்டுங்க, வண்டி நிக்கும்."

வாக்கரை விட்டுவிட்டுக் காட்டினேன். பஸ்ஸே நின்றது! பின்னாலிருந்த ஆட்டோக்காரர் திட்டியது எனக்கு வாழ்த்தாகவே கேட்டது. ஒரு கண்டத்தைக் கடந்தவன்போல டீக்கடையில் நிமிர்ந்து நின்று திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா அதற்குள் அடுத்த நோயாளியின் வாக்கரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.