அண்ணாச்சியின் குரலை வைத்துப் பிழைத்தவன்

ஞானையா அண்ணாச்சி காலமாகிவிட்டார் என்று தொலைபேசியில் சொன்னார்கள். அப்போது நான் எங்கள் அதிகாரியின் அறையில் வெற்றிகரமாகப் பொய் சொல்லிவிட்டு வந்து, டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

பொய் இதுதான். ஒரு கூட்டத்துக்காகச் சென்னையிலிருந்து வந்த அதிகாரிகள் ஒரு நாள் முன்னதாகவே வந்து, சாணக்யபுரி விருந்தினர் மாளிகையில் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார்கள். தந்தியில் தேதியைத் தப்பாகச் சொன்னவன் நான். நான் சொன்னதை அப்படியே டைப் அடித்தவள் எஸ்தர். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள், முனிர்காவில் வாடகை அறை, நம் தமிழ்ச் சபைக் கோயிலின் பாடகர் குழுவில் பாடுகிறவள். “புதுப் பெண் சார், தேதியை மாற்றி அடித்துவிட்டாள்” என்றேன். “அச்சா, மெமோ கொடுங்கள்” என்றார் அதிகாரி. மெமோ வாங்கினால் அவள் வேலை நிரந்தரமாவது சந்தேகம். அது தெரிந்துதான் சொன்னேன்.

அண்ணாச்சியை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் டெல்லிக்கு வந்து வேலையில் சேர்ந்தபோது, எங்கள் பிரிவில் அவர்தான் மூத்தவர். திருநெல்வேலிப் பக்கம். எத்தனையோ வருடம் டெல்லியில் இருந்தும் ஹிந்தி அவரிடம் அடி வாங்கிக்கொண்டே இருந்தது. வேலையில் தம்மால் ஒரு பிசகு நேர்ந்தால், யாரும் கேட்பதற்கு முன்பே அதிகாரியிடம் போய், கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, “கல்தி மேரா, சார்” என்பார். தப்பு என்னுடையது என்று. இதனால்தான் அவருக்குப் பதவி உயர்வு தாமதமானது என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். பேசிக்கொண்டார்கள் என்ன, நான்தான் பரப்பினேன்.

அந்த ‘கல்தி மேரா’தான் என் புகழுக்கு மூலதனம். கழுத்தைச் சாய்த்து மூக்கால் சொல்லிக் காட்டினால் கேன்டீனே சிரிக்கும். ஒருநாள் செய்து முடித்துத் திரும்பினால், பின்னால் அண்ணாச்சி நிற்கிறார்.

“கழுத்து சரியா இருக்கு வே. ஆனா நான் இம்புட்டு மூக்காலயா பேசுதேன்?”

“கொஞ்சம் பேசுதீய, அண்ணாச்சி.”

“பேசுவேன் போலிருக்கு” என்று சொல்லி, எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஊரிலிருந்து வேலைக்கு வந்திறங்கும் பிள்ளைகளுக்கு நம் கோயிலில் ஆண்டுதோறும் வரவேற்புக் கூட்டம் நடக்கும். பெரிய பதவிக்காரர்கள் வந்து, தாழ்மை என்ற தலைப்பில் தங்கள் பெருமையைப் பேசுவார்கள். ஒரு வருடம் அண்ணாச்சியைக் கூப்பிட்டார்கள். அவர் என்னை இழுத்துக்கொண்டு போனார்.

“நான் பேசினா பிள்ளைய தூங்கிரும். நீரு என்னைய மாதிரி பேசும்.”

பேசினேன். முன்வரிசையில் உட்கார்ந்து அவர்தான் அதிகமாகச் சிரித்தார். கடைசியில் எழுந்து இவ்வளவுதான் சொன்னார்: “மக்கா, வேலையில தப்பு வரும். ஆண்டவர்கிட்ட ராத்திரி முழங்கால்ல நின்னு சொல்லுதது லேசு. அதிகாரிகிட்ட காலையில நின்னுக்கிட்டு சொல்லணும்.”

அன்று முதல் அந்தக் கூட்டத்துக்கு நான் நிரந்தரப் பேச்சாளன். போன கூட்டத்தில் எஸ்தரும் உட்கார்ந்து கைதட்டினாள்.

அடக்கம் முடிந்து அவர் வீட்டுக்குப் போனோம். அண்ணி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். “தம்பி, அவுக மாதிரி ஒருக்கா சொல்லுங்க. கேட்டுக்கிடுதேன்.”

அறையே என்னைப் பார்த்தது. டீ தம்ளர்களோடு நின்ற எஸ்தரும் பார்த்தாள். முந்தின நாள் சாயங்காலமே மெமோ அவள் கைக்குப் போயிருந்தது. எனக்குக் கழுத்து சாயவில்லை.

“தொண்டை கட்டியிருக்கு, அண்ணி” என்றேன். இந்தப் பொய் மட்டும் தொண்டை கட்டாமல் வந்தது.

மறுநாள் காலையில் அதிகாரியின் அறைக்குப் போனேன். “கல்தி மேரா, சார்.”

வந்தது அண்ணாச்சியின் குரல். கழுத்தும் தானாகச் சாய்ந்துவிட்டது. அந்த வார்த்தையை வேறு விதமாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். “அப்படியே ஞானையாதான். பாவம், நல்ல மனுஷன். இன்னொரு தடவை செய்யுங்கள்.”

கழுத்தை நிமிர்த்திக்கொண்டேன். தந்தியையும் தேதியையும் எஸ்தரைப் பற்றிச் சொன்ன பொய்யையும் என் குரலிலேயே சொன்னேன். என் குரல் இவ்வளவு மெலிசு என்று அன்றுதான் தெரிந்தது. அவர் சிரிப்பு பாதியில் நின்றது. மெமோ பெயர் மாறி என் மேசைக்கு வந்தது.

எஸ்தரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் டைப்ரைட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சரி சார். ஆனா வேலை நிலைக்காதுன்னு நேத்தே அப்பாவுக்குக் காயிதம் போட்டுட்டேன்.”

அந்தக் கடிதம் தெற்கே போகும் ரயிலில் ஏறியிருக்கும். அதை நிறுத்த எந்தக் குரலிலும் என்னால் பேச முடியாது. சாயங்காலம் தந்தி ஆபீஸ் வரிசையில் நின்றேன். தவறு என்னுடையது, உங்கள் மகள் மேல் குற்றமில்லை, வேலைக்கு ஆபத்தில்லை என்று அவள் அப்பாவுக்கு எழுதி, கீழே என் பெயரை முழுசாகப் போட்டேன். கடிதத்துக்கு முன்னால் அது போய்ச் சேர்ந்ததா என்று இன்னும் தெரியவில்லை. எஸ்தர் சொல்லவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கும் இல்லை.

போய் வாருங்கள், அண்ணாச்சி.