‘காலமானார்’ ஃபைல்

எங்க அக்காவுக்கு எதையும் தேடறது பிடிக்காது. வீட்டுல சாவி, மூக்குக்கண்ணாடி, கத்தரிக்கோல் எல்லாம் அதது இடத்துல இருக்கணும். நான் கத்தரிக்கோலை இடம் மாத்தி வெச்சுட்டா போதும், அன்னிக்கு வீடு ரெண்டுபட்டுடும். அப்படிப்பட்டவளை ஒரு டைப்பிங் கடையில உட்கார வெச்சா என்ன ஆகும்? கம்ப்யூட்டரையும் அலமாரி மாதிரி அடுக்கிட்டா.

கடையில ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், தலைக்கு மேல கடகடன்னு ஒரு ஃபேன். ஒண்ணுல அக்கா, பக்கத்துல நான். வர்றவங்க கேக்கறது அஞ்சாறு வகைதான். வாடகை ஒப்பந்தம், பயோடேட்டா, லீவு லெட்டர், யாராவது தவறிட்டா அதுக்கு அறிவிப்பு. வேர்டைத் திறந்தா கடைசியா பாத்த ஃபைலெல்லாம் வரிசையா வரும். நடுவுல ஏதாவது பள்ளிக்கூடக் கட்டுரை வந்து புகுந்துடும், வாடகை ஒப்பந்தம் கீழே போய் கண்ணுலயே படாது. வந்தவங்க கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு நிப்பாங்க, நாங்க ஃபோல்டர் ஃபோல்டரா துழாவுவோம். ஒரு நாள் அக்கா மவுஸை ஒரு ஃபைல் பேர் மேல வெச்சப்போ ஓரத்துல குட்டியா ஒரு குண்டூசிப் படம் தெரிஞ்சுது. அமுக்கிப் பாத்தா. அவ்வளவுதான், அந்த ஃபைல் மேலே போய் உட்கார்ந்துக்கிச்சு. அப்புறம் எத்தனை ஃபைல் திறந்தாலும் இறங்கவே இல்லை.

அன்னிக்கு அவ முகத்தைப் பாக்கணுமே! என்னமோ புதையல் எடுத்த மாதிரி. சாயங்காலத்துக்குள்ள தினம் வேணுங்கற ஃபைலையெல்லாம் குத்தி மேலே ஏத்திட்டா. அத்தான், அதான் அவ வீட்டுக்காரர், லிஃப்ட் ரிப்பேர் பண்றவர், அன்னிலேர்ந்து அவளைக் கூப்பிடறதே ‘குண்டூசி’ன்னுதான். கடை வாசல்ல நின்னு "குண்டூசி இருக்கா?"ன்னு கேப்பார். உள்ள இருக்கற யாராவது, "பக்கத்துக் கடையில கேளுங்க சார்"னு சொல்லிட்டா, நானும் அவரும் விழுந்து விழுந்து சிரிப்போம். "உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லை"ன்னுவா அக்கா.

மேலே ஏத்தினதுல ஒண்ணு ‘காலமானார்’. எங்க கடையில அதுக்குன்னு பேர் போடாத காலிப் படிவம் எதுவும் கிடையாது. கடைசியா போனவரோட அறிவிப்பு அப்படியே இருக்கும். அடுத்து ஒருத்தர் போனா, பழைய பேரை அழிச்சு அதுமேலயே புதுப் பேரை அடிச்சு, பிரிண்ட் எடுத்து, சேமிச்சுடுவோம். ஆளுக்கொரு ஃபைலா வெச்சுக்கலாமான்னு நான் கேட்டதுக்கு, "போனவங்களை எல்லாம் சேர்த்து வெச்சு என்னம்மா பண்ணப் போறோம்?"னார் முதலாளி. அதுவும் சரிதான்னு விட்டுட்டேன்.

அப்புறம் அத்தான் போனார். லிஃப்ட் நின்னுபோச்சுன்னு காலையில எங்கிருந்தோ கூப்பிட்டாங்க, கிளம்பிப் போனார். வேலை நடுவுல நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கலை. அறிவிப்பை அக்காதான் அடிச்சா. "கொடுக்கா, நான் அடிக்கறேன்"னு எவ்வளவோ சொன்னேன். நகரவே இல்லை. வழக்கம்போல ஃபைலைத் திறந்து, யாரோ ஒரு அம்மா பேரை அழிச்சு, அத்தான் பேரைப் போட்டு, பிரிண்டைக் கையில கொடுத்தா. எனக்குக் கண்ணெல்லாம் மறைச்சுது, ஒரு எழுத்துகூடப் படிக்கலை.

அவ அழலை. அதுதான் எங்களுக்குப் பயமாயிருந்தது. மறுபடி வேலைக்கு வந்தா, வாடகை ஒப்பந்தம் அடிச்சா, கேட்டதுக்குப் பதில் சொன்னா. "பசிக்குதாக்கா?"ன்னா "தெரியலை"ம்பா. தட்டுல போட்டா சாப்பிடுவா. உப்பு இல்லைன்னு எனக்கே குமட்டும், அவ பாட்டுக்குச் சாப்பிட்டுட்டு எழுந்து போவா. ஒரு நாள் கத்தரிக்கோலை வேணும்னே இடம் மாத்தி வெச்சேன். திட்டுவான்னு பாத்தா, தேடவும் இல்லை, கேக்கவும் இல்லை. பல்லால நூலைக் கடிச்சுட்டுப் போயிட்டா. எனக்குத்தான் அழுகை வந்துது.

அந்த ஃபைலை மட்டும் அவ தொடலை. யாராவது தவறிட்டாங்கன்னு வந்தா, புதுசா ஒரு பக்கம் திறந்து முதல் எழுத்துலேர்ந்து அடிப்பா. கட்டம் போட்டு, படத்துக்கு இடம் விட்டு, எல்லாம் கையால. வந்தவங்க நின்னு கால் மாத்துவாங்க. ஒரு நாள் பொறுக்கமுடியாம, "அத்தானோடதைத் தனியா ஒரு காப்பி போட்டு வெச்சுக்கிட்டு இதை எடுத்துப் புழங்கேன்க்கா, இது ஒரு பெரிய விஷயமா?"ன்னு கத்திட்டேன்.

"காப்பி எதுக்கு? எடுத்துப் படிக்கவா போறேன்?"னா. குரல்ல ஒண்ணுமே இல்லை. திரையைப் பாத்துக்கிட்டே சொன்னா: "அடுத்தவங்களை அடிக்கற வரைக்கும் அவர்தான்டி கடைசி. அதுக்கப்புறம் அவரும் போனவங்கள்ல ஒருத்தர்."

முதலாளி நல்ல மனுஷன்தான், ஆனா அவருக்கும் கடை ஓடணுமே. "நாளைக்கு நானே வந்து அந்த ஃபைலைச் சரி பண்ணிடறேம்மா, நீ பாக்கவேண்டாம்"னு தன்மையாத்தான் சொன்னார். அக்கா தலையாட்டினா. சொன்னது காதுல விழுந்துதான்னு கூடத் தெரியலை.

அன்னிக்கு மத்தியானம் நான் பேப்பர் கட்டு வாங்கப் போயிட்டுத் திரும்பறேன், அக்கா முன்னால ஒரு பெரியவர். சட்டை பட்டனை மாத்திப் போட்டிருக்கார். மனைவி தவறிட்டாங்களாம். அக்காவோட திரையைப் பாத்தேன். திறந்திருந்தது அந்த ஃபைல். அவர் பேரைச் சொல்லச் சொல்ல, அத்தான் பேர் இருந்த இடத்துல அந்த அம்மா பேர் உட்கார்ந்துக்கிட்டிருந்தது. பேர், வயசு, ஊர், எல்லாம் மாறிடுச்சு. அவ முகத்துல ஒரு சலனம் இல்லை. முதலாளி கையால அழியறதுக்கு நம்ம கையாலயே போகட்டும்னு நினைச்சாளோ என்னமோ.

பிரிண்டை நீட்டினா. பெரியவர் விரலை வெச்சு வரி வரியா படிச்சார். ஒரு இடத்துல விரல் நின்னுபோச்சு.

"இதை நான் சொல்லலையேம்மா."

நானும் எட்டிப் பாத்தேன். ‘வெளியே கிளம்பினால் வீட்டில் சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் உள்ளவர்.’ எந்த அறிவிப்புலயும் நாங்க போடற வரி இல்லை அது. அத்தானுக்காக அக்கா தானா எழுதினது. இத்தனை நாள் எனக்கே தெரியாது. மத்ததையெல்லாம் மாத்தினவ அதை மட்டும் விட்டிருக்கா.

"பழைய வரி ஒண்ணு நின்னுபோச்சு, ஐயா"ன்னா அக்கா.

"எடுத்துடும்மா. எங்க வீட்டுல அவ யார்கிட்டயும் சொல்லிட்டுப் போனதே கிடையாது. பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் நான்தான் தேடிக்கிட்டு அலையணும். இதைப் படிச்சா பசங்க சிரிப்பாங்க." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்து, பாதியில நின்னுபோச்சு.

அக்கா கர்சரை அந்த வரி முடிவுல கொண்டுபோய் வெச்சா. ஒரேயடியா அழிச்சிருக்கலாம். அவ ஒவ்வொரு எழுத்தா அழிச்சா. டக், டக்னு அந்த ஒரு சத்தம்தான். அப்புறம் சேமிச்சா, மறுபடி பிரிண்ட் எடுத்தா, மடிச்சு உறையில போட்டு அவர்கிட்டக் கொடுத்தா. அவர் படியிறங்கிப் போற வரைக்கும் பாத்துக்கிட்டிருந்தா.

அப்புறம் என் கையைப் பிடிச்சா. தோள் குலுங்க ஆரம்பிச்சுது, முதல்ல சத்தமே வரலை. நான் இழுத்து அணைச்சுக்கிட்டேன்.

"அன்னிக்குக் காலையில நான் குளிச்சிட்டிருந்தேன்டி"ன்னா. "கதவு சாத்தற சத்தம்தான் கேட்டுது. அன்னிக்கு மட்டும்தான்டி அவர் சொல்லாமப் போனார்."