பதினேழாம் பிழை

ஜனவரி 4: 61 பிழைகள்.
ஜனவரி 11: 58.
ஜனவரி 18: 95.
மொத்தம்: 214.

ஒரே படம், மூன்று பகல் காட்சிகள். மடியில் படத்தின் மூல நாவல், அதன்மேல் பிழைகளைக் குறிக்கும் நோட்டு, கையில் பென்சில் பருமனுக்கு ஒரு டார்ச். சாவிக்காரர் படம் பார்ப்பது இப்படித்தான். திரையில் டிராகன் நெருப்பைக் கக்கும்போது அரங்கமே அண்ணாந்திருக்கும். அவர் மட்டும் குனிந்து பக்கம் புரட்டுவார். அவர் கடையில் தினமும் பொழுதைக் கழிக்கும் நான் மூன்று முறையும் பக்கத்து இருக்கையில் இருந்தேன், எண்களில் தவறில்லை.

"பெரியவரே, டார்ச்சை அணைங்க. டிராகனுக்குக் கண்ணு கூசுது" என்றான் பின்வரிசைக்காரன் ஒருவன்.

"புத்தகத்துல அதுக்குக் கண்ணே தெரியாது தம்பி" என்றார் இவர், திரும்பாமல். அதுவும் நோட்டில் ஏறியது. பிழை 44.

தொழிலில் வந்த பழக்கம். முப்பத்தோரு வருடமாக, அசல் சாவியையும் புதியதையும் முதுகோடு முதுகு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே கொடுக்கிறார். ஒரு பல் மயிரிழை தூக்கலாக இருந்தாலும் அரத்தை எடுத்துவிடுவார். நகல் சாவியைக் காட்டி இன்னொன்று வெட்டச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார். "நகலுக்கு நகல் எடுத்தா கோணல்தான் வளரும். அசலைக் கொண்டாங்க."

நாவல், இருபது வயதில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அட்டையும் முதல் சில தாள்களும் அப்போதே இல்லை. தாமே அட்டை ஒட்டிப் பதினொரு முறை படித்திருக்கிறார்.

அந்தப் படத்துக்கு உடை தைத்தவர்களில் அவர் மகளும் ஒருத்தி. அரசியின் நீல அங்கி முழுக்க அவள் கைவேலை, நாலு மாதம். முதல் முறை டிக்கெட் எடுத்து எங்களை அழைத்துப் போனதே அவள்தான். அரசி படியிறங்கி வந்தாள். மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பா புத்தகத்தைப் பார்த்தார்.

"பச்சைன்னுதாம்மா போட்டிருக்கு." அவள் கண்ணெதிரே நோட்டில் எழுதினார்: பிழை 17.

"நான் தைச்சதுப்பா அது."

"தையல் நல்லாத்தான் இருக்கு. கலர்தான் தப்பு."

அவள் எழுந்து போய்விட்டாள். அவர் போகவில்லை, இன்னும் இருநூறு பக்கம் ஒத்துப்பார்க்க வேண்டியிருந்தது.

ஞாயிறு காலைகளில் கடைக்கு வரும் அவள் போன் அதோடு நின்றது. ஒன்பது ஞாயிறு. கேட்டால் "லைன்ல ஏதோ கோளாறு" என்பார். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பார். லைன் நன்றாகவே இருந்தது.

பிறகு ஒரு பார்சல் வந்தது. உள்ளே செங்கல் கனத்தில் ஒரு புத்தகம், கூடவே கடிதம். எனக்கும் கேட்கட்டும் என்று வாய்விட்டே படித்தார்.

"அப்பா, உங்ககிட்ட இருக்கறது சின்னப் பசங்களுக்காகச் சுருக்கினது. முழு நாவல் இதுதான். 412ஆம் பக்கத்துல அரசி பச்சையைக் கழட்டிட்டு நீலத்தைப் போடறா. நகலுக்கு நகல் எடுக்கக் கூடாதுன்னு யாரோ சொல்வாங்களே? பதினேழை அழிச்சிட்டுக் கூப்பிடுங்க."

இரண்டு புத்தகங்களையும் முதுகோடு முதுகு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தார். பழையது பாதிகூட இல்லை. நோட்டை எடுத்தார். 17ஐ ரப்பரால் அழித்தார். மொத்தத்தை 213 என்று திருத்தினார்.

"மத்ததெல்லாம்?" என்றேன்.

"முழுசாப் படிச்சு ஒத்துப்பார்க்கணும் சார். அவசரப்பட்டு அழிக்கக் கூடாது."

இரும்புத்தூளை ஊதுவதுபோல ரப்பர் தூளை ஊதிவிட்டு, ஞாயிறுவரை பொறுக்காமல் ரிசீவரை எடுத்தார்.

கடிதம் வந்தது மார்ச் 9, திங்கட்கிழமை.