அண்ணாச்சி வாங்கிக்கொண்ட அட்டை

ஞானமுத்து அண்ணாச்சி போய்விட்டார் என்று போன் வந்தபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒருவருக்கு வந்த தண்டனையை இன்னொருவர் சுமப்பது எப்படி என்பது கேள்வி. பேனாவை மூடி வைத்துவிட்டு அழுதேன்.

மில்லர்புரத்து எங்கள் சபையாருக்கு அவரை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மணியடித்து, பாய் விரித்து, ஆலயத்தை வீடுபோல் பார்த்துக்கொண்ட கோயில்குட்டியார். நான் இறையியல் கல்லூரியில் பாடம் சொல்பவன். எங்கள் இருவருக்கும் வாக்குத்தத்த அட்டையை வைத்து ஓயாத வழக்கு.

புத்தாண்டு ஆராதனையில் வீட்டுக்கு ஒருவர் தட்டிலிருந்து அட்டை எடுத்துச் சத்தமாக வாசிப்பார். அதிலுள்ள வசனம்தான் அந்த வருடம் முழுக்க அந்த வீட்டுக்கு. இடம் பொருள் பார்க்காமல் வசனத்தைப் பிய்த்துக் கொடுப்பது லாட்டரிச் சீட்டு, வெறும் காகிதம் என்று சபை இதழில் எழுதினேன். "எல்லாம் சரி சார். வருசத்துக்கு ஒரு நல்ல வார்த்தை கேட்டுட்டுப் போவோம்னுதான சனங்க வாராவ?" என்றார் அண்ணாச்சி.

ஒரு வருடம் வசனம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வேதம் முழுவதும் தெரியட்டும் என்று எச்சரிப்பு வசனங்களையும் சேர்த்துவிட்டேன். படித்த திமிர், வேறென்ன! நிறைமாதமாக இருந்த ரூபியின் கையில், வீடு பாழாய்ப் போகும் என்கிற வசனம் வந்தது. அந்தப் பிள்ளை பீடத்தின் முன்னாலேயே வெளிறிப்போய் நின்றாள். அந்த வசனத்தைச் சேர்த்த நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

தட்டைப் பிடித்திருந்த அண்ணாச்சி சத்தமாகச் சொன்னார்: "ஏளா, அது என் கார்டுல்லா! எடுத்து ஓரமா வச்சிருந்தேன், மாறிட்டு. இந்தா, ஒனக்குள்ளது." சட்டைப்பையிலிருந்த தன் அட்டையை அவளிடம் கொடுத்துவிட்டு, அவளுடையதை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

வெளியே வந்து மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க சார், பாத்துக்கிடலாம்" என்று சிரித்தார். ஆனால் எனக்குத்தான் அது காகிதம். அவர் அட்டையை நம்புகிறவர். பலிக்கும் என்று நம்பியேதான் வாங்கினார். ரூபிக்குச் சுகமாகப் பெண் குழந்தை பிறந்தது. ஐப்பசி மழையில் அண்ணாச்சி வீட்டுச் சுவர் இடிந்தது. "ஒங்க வசனம் வேல செய்யுதுல்லா சார்!" என்று கேலி செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடக்கத்துக்கு மறுநாள் அவர் மனைவி, அவருடைய வேதாகமத்திலிருந்து அந்த அட்டையை எடுத்து, "கிழிச்சிரட்டுமா சார்?" என்றார். எனக்குத் தாருங்கள் என்றேன்.

"வேண்டாம் சார். ஒங்க வீட்லயும் மருமவ மாசமா இருக்கால்லா."

கை நீட்டினேன். பாதியில் இழுத்துக்கொண்டு, மறுபடி நீட்டினேன். வெறும் காகிதம் என்று எழுதிய அதே கைதான். அட்டை இப்போது என் வேதாகமத்தில் இருக்கிறது.