முதல் பெயர் முத்துக்கனி

வங்கியில் கிரெடிட் கார்டு செக்‌ஷனில் உட்காருபவர்களுக்கு மாதக் கடைசி என்றாலே இலக்கு நெருக்கும். அன்று காலையிலேயே மேனேஜர் என் மேஜைக்கு வந்துவிட்டார்.

“மேடம், பிரீமியம் கார்டுல நம்ம பிராஞ்சு ரொம்பப் பின்னாடி நிக்குது. இன்னைக்கு யார் வந்தாலும் அதையே பேசுங்க.”

அப்போது வந்தவர்கள்தான் செல்வராஜ் அண்ணாச்சியும் அவர் மனைவி முத்துக்கனியும். அண்ணாச்சி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். முத்துக்கனி அவரைவிடப் பத்து வயதாவது இளையவர். வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவர். இருவருக்கும் இது இரண்டாவது கல்யாணம். முந்தின வருடம் திருச்செந்தூரில் வைத்து நடந்தது. அண்ணாச்சியின் கணக்கு எங்கள் கிளையில்தான் என்பதால் எனக்கு இதெல்லாம் தெரியும்.

“வீட்டுச் செலவு பூராவையும் ஒரே கார்டுல போடலாம்னு பாக்கோம் மேடம். பாயிண்ட்டு, கேஷ்பேக்குன்னு என்னமோ சொல்லுதாவ. எங்களுக்கு எது தோதுப்படும்?” என்றார் அண்ணாச்சி.

மேனேஜர் சொன்னபடி பிரீமியம் கார்டில் ஆரம்பித்தேன். ஏர்போர்ட் லவுஞ்சு இலவசம் என்றதும் முத்துக்கனி சிரித்துவிட்டார்.

“நாங்க பிளேனை அண்ணாந்துதான் பாத்திருக்கோம் மேடம். பலசரக்கு, கரண்டு பில்லு, சிலிண்டரு, அவிய வண்டிக்குப் பெட்ரோலு. எங்க செலவு அம்புட்டுத்தான்.”

விளம்பர அட்டையை ஓரமாக வைத்தேன். நம் பணம் எங்கே போகிறதோ அங்கே எது திருப்பித் தருகிறதோ, அதுதான் நமக்கான கார்டு. பல கார்டுகள் கரண்டு பில்லுக்கு பாயிண்ட் தருவதில்லை. சிலவற்றில் கிடைக்கும் சலுகையை வருடக் கட்டணமே தின்றுவிடும். கட்டணம் இல்லாமல், பலசரக்குக்கும் பில்களுக்கும் கேஷ்பேக் தருகிற சாதாரணக் கார்டு ஒன்றைக் காட்டினேன். தேதிக்குள் முழுசாகக் கட்டிவிட வேண்டும், பாக்கி வைத்தால் வட்டி எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்றும் சொன்னேன். இருவருக்கும் பிடித்துவிட்டது.

“கார்டு அண்ணாச்சி பேர்ல வரும். அதே கணக்குல உங்களுக்கு இன்னொண்ணு, ஆட்-ஆன் கார்டுன்னு வரும்” என்று முத்துக்கனியிடம் சொல்லிவிட்டு விண்ணப்பத்தை எடுத்தேன்.

“அப்ப நான் போயிட்டா அவ கார்டு என்னாவும்?” என்று அண்ணாச்சி கேட்டார்.

பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற குரல். எனக்குத்தான் பேனா நின்றுவிட்டது.

“நின்னுரும் அண்ணாச்சி. மெயின் கார்டோட சேந்து அதுவும் குளோஸ் ஆயிரும்.”

முத்துக்கனி மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மொத வீட்டுக்காரரு லாரி ஆக்சிடெண்டுல போனப்ப, அவரு ஏ.டி.எம். கார்டுதான் எங்கிட்ட இருந்துச்சு. பதினாறாம் நாள் காரியம்கூட முடியல, நிப்பாட்டிட்டாவ. சிலிண்டர்க்காரரு வாசல்ல நிக்காரு, கையில காசில்ல. திருப்பித் தூக்கிட்டுப் போயிட்டாரு.”

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். “கார்டை அவ பேர்ல போடுங்க. அந்த ஆட்-ஆனை எனக்குக் குடுங்க.”

தையல் வருமானத்துக்குச் சான்று கிடையாது. சிஸ்டம் ஏற்காது என்றேன். ஒரே வழி, முத்துக்கனி பெயரில் எஃப்.டி., அதாவது நிரந்தர வைப்பு போட்டு, அதை ஈடாகக் காட்டிக் கார்டு வாங்குவது.

“ஆனா அவங்க பேர்ல போட்டா அது அவங்க பணம் அண்ணாச்சி. யோசிச்சிட்டு வாங்க.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? ரிட்டயர்மென்ட் பணம் சும்மாதான கெடக்கு.”

முத்துக்கனி பதறிவிட்டார். “ஏங்க, ஒங்க பிள்ளையள் என்ன நினைக்கும்? நான் மயக்கி வாங்கிட்டேன்னு சொல்லாதா?”

“பிள்ளையளுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சு. கேட்டா நான் சொல்லிக்கிடுதேன். ஏளா, நீ கையெழுத்தப் போடு.”

முத்துக்கனி போட்டார். கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போனது. பில் விவரம் கூட வந்தவர் போனுக்குப் போகக்கூடாது என்று கண்ஜாடை காட்டிய கணவர்களையும் மனைவிகளையும் அந்த நாற்காலியில் இருந்து நிறையப் பார்த்திருக்கிறேன். தான் இல்லாத வீட்டில் அடுப்பு எரியுமா என்று கணக்குப் போட்டுக் கார்டு வாங்கிய மனிதரை அன்றுதான் பார்த்தேன். அவர்கள் எழுந்து போன பிறகும் அடுத்த டோக்கனைக் கூப்பிட எனக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் பர்ஸைத் திறந்தேன். ஊருக்கெல்லாம் கார்டு கொடுத்த என் கையில் இருந்ததும் என் கணவர் கார்டின் ஆட்-ஆன்தான். அடுத்த வாரமே என் பெயரில் ஒன்று வாங்கினேன். அதன்பின் எந்தத் தம்பதி வந்தாலும் பாயிண்ட்டைப் பற்றிப் பேசுமுன், “யார் பேர்ல?” என்று கேட்பேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும் அதை முதலில் கேளுங்கள்.

கார்டு வந்ததும் ரகசிய பின் நம்பர் வைக்க இருவரும் வந்தார்கள். உதவிக்கு ஏ.டி.எம். வரை கூடப் போனேன். முத்துக்கனி பட்டனில் விரல் வைத்ததும் அண்ணாச்சி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

“நீங்க பாத்தா என்னங்க? நான் மறந்துட்டா?”

“மறந்தா வேற போட்டுக்கிடலாம். அது ஒன் நம்பரு.”

முத்துக்கனி கொஞ்ச நேரம் அவர் முதுகையே பார்த்தார். பிறகு ஒவ்வொரு பட்டனாக அழுத்தினார். அவர் கூப்பிடும்வரை அண்ணாச்சி திரும்பவே இல்லை.